மற்ற முனையைப் பிடித்தவள்

அருள்நாயகத்தின் தகப்பனும் கமலாம்பிகையின் தகப்பனும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். அருள்நாயகத்துக்குக் கூடப்பிறந்த பெண் சகோதரம் இல்லை. அந்தக் குறையைத் தீர்த்தது பெரியப்பாவின் மகள் கமலாம்பிகைதான். அவன் ரொறன்ரோவுக்கு வந்து இறங்கிய அன்று, கையில் ஒரு பழைய குளிர்க் கோட்டோடு விமான நிலையத்தில் காத்து நின்றவர்கள் அந்த அக்காவும் அவருடைய புருஷன் சிவபாதமும். ஸ்காபரோவில் அவர்களுடைய அப்பார்ட்மென்ற் ஹோலில் பாய் விரித்துப் படுத்துத்தான் அவன் வேலை தேடினான். ஒரு பாண் பேக்கரியில் வேலை எடுத்ததும் அத்தானுடைய தெரிந்த ஆள் மூலம்தான். பெண் பார்த்ததும் அவர்கள்தான். பெண்ணின் பெயர் புனிதவதி. அவளுடைய தாயைப் பெற்ற பேரனாரும் சிவபாதத்தின் தாயும் ஒன்றுவிட்ட சகோதரங்கள். அந்த வழியில் பேச்சு வந்து, பொருத்தம் பார்த்து, பெண் இங்கே வந்து சேர்ந்தாள்.

புனிதவதி வந்த புதிதில் நல்ல வாய்க்காரி. வாய்க்காரி என்றால் சண்டைக்காரி என்று எடுக்கக்கூடாது. பிழை என்று கண்டால் வாயில் வைத்திருக்கமாட்டாள், அவ்வளவுதான். கறியில் உப்புக் கூடினால் தான் சமைத்த கறியென்றாலும் முதலில் சொல்லுகிறவள் அவள்தான்.

ஒருநாள் அக்கா வீட்டில் பிறந்தநாளுக்குச் சனம் கூடியிருந்தது. அருள்நாயகம் தான் வந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். ஜேர்மனியில் மாட்டுப்பட்டது, பிறகு தப்பினது, பனியில் நடந்தது. நல்ல கதைதான், சனமும் வாயைப் பிளந்து கேட்டது. பனி கொட்டின இடத்துக்கு வரும்போது புனிதம் வடைத் தட்டோடு வந்தவள், நீங்கள் அங்கே நின்றது ஆவணி மாதமல்லவா என்று கேட்டாள். கேட்டது உண்மை. சனம் சிரித்துவிட்டது. சிவபாதம் பகிடிக்காரன், அவர் விடுவாரா?

"நாயகம், ஆவணியிலை பனி விழுந்தது உன்ரை தலையிலை மட்டும்தான் போலை. புனிதம், உவனை நீர்தான் மேய்க்கவேணும்."

அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது அருள்நாயகம் ஜன்னலைப் பார்த்தபடியே வந்தான். இறங்குவதற்கு ஒரு தரிப்பு இருக்கும்போது சொன்னான்.

"இஞ்சாரும். இனிமேல் ஆக்களுக்கு முன்னாலை என்னைத் திருத்தவேண்டாம். சொல்லுறதெண்டால் வீட்டை வந்து சொல்லும்."

அவள் "ஓம்" என்றாள். 

சொன்ன சொல்லை அவள் காப்பாற்றினாள். ஆக்களுக்கு முன்னால் அவன் ஐந்து என்றால் அவளுக்கும் ஐந்து. வீட்டுக்கு வந்த பிறகு, நீங்கள் சொன்ன இடம் பிழை, அந்த மனிசனுடைய பெயர் வேறு என்று மெல்லச் சொல்லிப்பார்த்தாள். அப்போதும் அவனுக்குச் சுருக்கென்று கோபம் வரும். முடிந்துபோன கதையை ஏன் கிண்டுகிறீர் என்பான். இப்படி இரண்டு மூன்று தரம் நடந்தது. பிறகு வீட்டிலும் அவள் சொல்வதை விட்டாள். அவனுக்கு அது சமாதானமாகப் பட்டது. மனிசி ஊருக்கு உலகத்துக்கு ஏற்றமாதிரித் திருந்திவிட்டாள் என்று நினைத்தான். அவன் மனதில் வேறு கெட்ட எண்ணம் இருக்கவில்லை.

புனிதம் வேலைக்குப் போனது கிச்சின் அலுமாரி செய்கிற ஒரு பக்ரறிக்கு. முதலில் பெட்டி அடுக்குகிற வேலை. பிறகு கீல் பூட்டுகிற வேலை. கடைசியில் பலகை வெட்டுகிற பெரிய மிசினில் விட்டார்கள். நாலடி அகலம், எட்டடி நீளம், வெள்ளைத் தோல் ஒட்டின மெலமின் பலகைகள். அதை நேராகவும் மூலை சரியாகவும் வெட்டுகிறதுதான் அவளுடைய வேலை. வேலையைப்பற்றி அவள் வீட்டில் கதைப்பது குறைவு. அவனும் கேட்டதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் சனம் கிழக்கே நகரத் தொடங்கியது. மலிவாக வீடு வாங்கலாம் என்று கமலாம்பிகையும் சிவபாதமும் அஜக்ஸில் புது வீடு எடுத்தார்கள். வீடு கட்டினவன் குசினியில் கடமைக்குக் கொஞ்சம் கபேர்ட் பூட்டிவிட்டிருந்தான். அரிசி மூட்டையும் மிளகாய்த்தூள் வாளியும் பெரிய சட்டி பானையும் வைக்க இடமில்லை. ஒரு பக்கச் சுவர் முழுக்க வெறுமையாக நின்றது. அங்கே நிலத்திலிருந்து முகடு வரைக்கும் அலுமாரி வைத்தால் நல்லது என்று அக்கா சொன்னார். அருள்நாயகம் உடனே தான் செய்து தருகிறேன் என்றான்.

அவனுக்கு மரவேலை கொஞ்சம் வரும். கடைப் பலகை வாங்கிச் சாமித்தட்டு அடித்திருக்கிறான். சிநேகிதர்கள் வீட்டில் புத்தகத்தட்டு பூட்டிக் கொடுத்திருக்கிறான். எல்லாம் கடைக்காரன் வெட்டிக் கொடுத்த துண்டுகள். தானாக முழுப் பலகை வெட்டினது கிடையாது. ஆனால் கோட்டுக்கும் பாய்க்கும் வேலைக்கும் கலியாணத்துக்கும் சேர்த்து அந்த அக்காவுக்கு ஒன்று செய்துவிடவேண்டும் என்று அவனுக்கு எத்தனையோ நாள் ஆசை. காசாகக் கொடுத்தால் அவர்கள் வாங்கமாட்டார்கள். கையால் செய்து கொடுத்தால் யார் மறுப்பார்கள்? பால் காய்ச்சுகிற நாளைக்கு முதல் முடித்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தான். கையில் பிடித்து அறுக்கிற மின்வாள் ஒன்றும் புதிதாக வாங்கினான்.

போவதற்கு ஒரு கிழமைக்கு முதல், சோறு போட்டுக்கொண்டே புனிதம் கதையைத் தொடங்கினாள். கையால் அறுக்கிறவர்களும் ஒரு நேர்ப்பலகையை இறுக்கிப் பூட்டி அதிலே வாளைச் சாய்த்துத்தான் கொண்டுபோவார்களாம் என்றாள். வசனத்தின் முடிவில் ஒரு 'ஆம்' போட்டு, யாரோ சொன்னதுபோலச் சொன்னாள். அருள்நாயகம், தனக்குக் கண்மட்டம் இருக்கிறது, கோடு கீறினால் கோட்டில் போகத் தெரியாதா என்று கேட்டான். அவள் இரசம் எடுக்கப் போய்விட்டாள்.

அந்தச் சனிக்கிழமை வான் வண்டியில் ஏறும்போது அவள் கையில் ஒரு நீளப் பலகைத் துண்டு இருந்தது. ஒரு சாண் அகலம்கூட இல்லை, ஆனால் நூல் பிடித்தமாதிரி நேர். ஒரு பிளாஸ்ரிக் பையில் இரண்டு இரும்புக் கிளாம்பும் இருந்தன. உது என்னத்துக்கு என்று கேட்டான். தேவைப்பட்டாலும் என்று கொண்டுவருகிறேன் என்றாள். நேரம் போகிறது என்று அவன் வானை எடுத்தான்.

அஜக்ஸில் கராஜுக்குள் பலகைகளை இறக்கி வைத்திருந்தார்கள். பார்க்க வந்த சனம் ஒரு கலியாணத்துக்குக் காணும். அத்தான், அத்தானின் தம்பி, பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வந்த மட்டக்களப்புக்காரர் குஞ்சித்தம்பி, அக்காவின் பிள்ளைகள், எல்லோரும் கதவோரம். காற்றுக்குக் கராஜின் பக்கக் கதவு படார் படாரென்று அடித்தது. அருள்நாயகம் சுற்றிப் பார்த்துவிட்டு, புனிதம் சுவரில் சாத்தி வைத்திருந்த அந்த நேர்ப்பலகையை எடுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்தான்.

உட்காருகிற வாங்குகள் இரண்டைப் போட்டு அவற்றுக்கு மேல் பலகையைப் படுக்க வளர்த்தினான். பளபளப்பான முகத்தை மேலே வைத்தான், கோடு தெரியவேண்டுமே. எட்டடி நீளத்துக்கு நடுவால் கோடு கீறினான். புனிதத்தை மற்ற முனையைப் பிடிக்கச் சொன்னான். வாளை முறுக்கிவிட்டான்.

வாள் கோட்டில் தொடங்கியது, கோட்டில்தான் முடிந்தது. இடையில் என்ன செய்தது என்பது அந்தத் தூசுக்குள் அவனுக்குத் தெரியவில்லை. நடுவில் விளிம்பு வயிறு வைத்துவிட்டது. வெள்ளைத் தோலும் வெட்டின ஓரமெல்லாம் பல்லுப் பல்லாய்ப் பெயர்ந்திருந்தது. அதைக் கையால் தடவிவிட்டு, ஓரப்பட்டி ஒட்டினால் மறைந்துவிடும் என்றான். சிவபாதம் குனிந்து பார்த்தார்.

"நாயகம், வாளுக்குக் காலமையே கொஞ்சம் ஊத்திவிட்டனீயோ?"

எல்லோரும் சிரித்தார்கள். அருள்நாயகமும் சிரித்தான். சிரித்துக்கொண்டே புனிதத்தின் முகத்தை ஒருதரம் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு நடந்ததுதான் முழுக் கேடும். அந்த வயிறு வைத்த விளிம்பிலேயே மூலைமட்டத்தை வைத்து அடுத்த கோட்டைக் கீறினான். மில்லில் இருந்து நேராக வந்த விளிம்பு மற்றப் பக்கத்தில் சும்மா கிடந்தது. கோணலில் வைத்த மட்டம் கோணலைத்தானே காட்டும்.

"இஞ்சாருங்கோ," என்றாள் புனிதம். "உள்ளுக்கை வந்து ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வெட்டுங்கோவன்."

தேத்தண்ணி பிறகு பார்க்கலாம் என்றான். இன்னும் இரண்டு துண்டு போனது. அவள் மறுபடியும், அக்கா உங்களை ஏதோ கேட்கவேணுமாம், ஒருக்கால் உள்ளே வாருங்கோ என்றாள். வேலையில் நிற்கிறவனை ஏன் இழுக்கிறீர் என்று அவன் எரிந்து விழுந்தான். குஞ்சித்தம்பி, மனிசிமாருக்கு நாங்கள் வேலை செய்யிறது பொறுக்காது அண்ணை என்று பகிடி விட்டார். புனிதம் மற்ற முனையைப் பிடித்தபடியே நின்றாள். அதற்குப் பிறகு கூப்பிடவில்லை.

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனார்கள். கை கழுவிவிட்டு எதையோ எடுக்கத் திரும்பி வந்த அருள்நாயகம் அவள் கராஜுக்குள் தனியே நிற்பதைக் கண்டான். அளவுநாடாவை ஒரு துண்டின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குப் பிடித்துப் பார்த்தாள். பிறகு மற்ற இரண்டு மூலைக்கும் பிடித்தாள். நாடாவைச் சுருட்டுகிறாளாக்கும் என்று நினைத்து, சோறு ஆறுகிறது என்று சொல்லிவிட்டுப் போனான்.

அலுமாரி எழும்பியது. கோணலை இழுத்து இழுத்து ஆணி முறுக்கினான். கதவுகளைப் பூட்டியபோது இரண்டு கதவுக்கு நடுவே கீழே விரல் நுழையாத நீக்கல், மேலே போகப் போகக் கை நுழைகிற நீக்கல். ஒரு கதவு தானாகத் திறந்துகொண்டது. அதற்கு ஒரு காந்தம் வைத்தான். அக்கா வந்து பார்த்தார். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"அதுக்கென்ன தம்பி. நல்லாய்த்தானே இருக்கு."

பால் காய்ச்சின அன்று அந்தச் சுவரை மறைத்து ஒரு பூந்திரை தொங்கியது. அழகுக்குப் போட்டதாக்கும் என்று அருள்நாயகம் நினைத்தான். மனம் தனக்கு வேண்டியதைத்தானே நினைக்கும்.

அடுத்த வருசம் அக்காவின் மகள் பெரியபிள்ளையானாள், சாமத்தியச் சடங்கு வைத்தார்கள். அருள்நாயகம் கதிரை எடுத்துவரக் கராஜுக்குப் போனான். அவன் செய்த அலுமாரி அங்கே நின்றது. பெயின்ற் ரின்களும் பனி தள்ளுகிற சவலும் பழைய சப்பாத்துகளும் அதற்குள் கிடந்தன. தானாகத் திறக்கிற கதவைக் கழற்றிப் பக்கத்தில் சாத்தியிருந்தார்கள். குசினிக்குள் போய், அவனுக்குத் தெரியக்கூடாதென்று இன்னும் தொங்கவிட்டிருந்த பூந்திரையை விலக்கிப் பார்த்தான். யாரோ ஒழுங்கான ஆள் செய்த புது அலுமாரி, கதவுக்குக் கதவு ஒரே நீக்கல். ஒருத்தரும் அவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அக்கா வழமைபோல அவனுக்கு மீன் தலையைத் தேடி எடுத்து வைத்தார். அவன் அதைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளிவைத்தான்.

திரும்பி வரும்போது நானூற்றொன்றாம் நெடுஞ்சாலையில் வாகனங்கள் ஊர்ந்தன. அவன் ஸ்ரியரிங்கைப் பிடித்தபடி கேட்டான்.

"உமக்கு அண்டைக்கே தெரியுமோ?"

"ஓம்."

"முதல் வெட்டிலையோ?"

"ஓம்."

"ஏன் சொல்லேல்லை?"

"ஆக்கள் நிண்டவை."

அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. குத்தலாகச் சொல்லியிருந்தால் அவனுக்குச் சுகமாக இருந்திருக்கும். என்ன நேரம் என்று கேட்டால் நேரத்தைச் சொல்வதுபோலச் சொன்னாள். கதவுக்கு முட்டுக் கொடுத்த நேர்ப்பலகையும், குடிக்காத தேத்தண்ணியும், மூலைக்கு மூலை பிடித்த நாடாவும் ஒவ்வொன்றாக அவனுக்கு நினைவில் வந்தன. தான் போட்ட கட்டளையை மீறாமல், தன்னை எத்தனை வழியால் காப்பாற்றப் பார்த்திருக்கிறாள்.

ஒரு வெள்ளிக்கிழமை அவளுடைய கார் பழுதாகி, பக்ரறிக்கு அவளைக் கூட்டிவரப் போனான். பாரம் ஏற்றுகிற பெரிய கதவு திறந்திருந்தது. உள்ளே மிசின் சத்தத்துக்கு மேலால் ஒரு பெண்குரல் கேட்டது. தடித்த, தயக்கமில்லாத குரல்.

"உது கோணல். இதையே அனுப்பப்போறீர்? எடும், எடுத்து அங்காலை வையும். நான் திருப்பி வெட்டித் தாறன்."

ஒரு பெடியன் ஏதோ முணுமுணுத்தான். அதற்கு அந்தக் குரல் ஒரு பகிடி விட்டது, சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அது புனிதத்தின் குரல் என்று அவனுக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. அவளோடு வேலை செய்கிற வேரோனிக்கா வெளியே வந்தவள் அவனைக் கண்டு சிரித்தாள்.

"அண்ணை, உங்கடை மனிசி இல்லாட்டி இஞ்சை ஒருத்தருக்கும் பயமில்லை. வீட்டிலை எப்பிடிச் சமாளிக்கிறியள்?"

அவன் சிரித்துவைத்தான். அவனுடைய வானில் ஏறினதும் அவள் சீற்பெல்ற்றைப் போட்டுக்கொண்டு, சாப்பிட்டனீங்களோ என்று மெல்லிய குரலில் கேட்டாள். அந்த மற்றக் குரலைக் கதவுக்கு அங்காலே விட்டுவிட்டு வந்திருந்தாள்.

அன்றிலிருந்து அவனுக்கு ஒரே எண்ணம்தான். அந்தக் குரல் வீட்டுக்கு வரவேண்டும். பிழை என்று அவள் வாயால் ஒருதரம் கேட்கவேண்டும். நேரே சொல்லிக் கேட்க அவனுக்கு நா எழவில்லை. நான் அப்போது சொன்னது பிழை, இனி என்னைத் திருத்தும் என்று ஒரு வசனம். பேக்கரியில் மா பிசையும்போது அதை எத்தனையோ தரம் மனதுக்குள் சொல்லிப்பார்த்தான். வீட்டு வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போது அதுவும் கழன்றுவிடும். அதனால் சுற்றுவழியால் போனான். கறி சரியோ என்று கேட்பான். சட்டை பொருத்தமோ என்பான். சீட்டுக் கட்டலாமோ என்பான். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்.

"உங்களுக்குச் சரியெண்டால் சரிதானே."

மரவேலையை அவன் விடவில்லை. இப்போது ஒழுங்காகப் பழகியிருந்தான். தோல் பெயராமல் இருக்கப் பலகையின் நல்ல முகத்தைக் கீழே வைப்பான். வாளின் பல்லுக்கும் அடித்தட்டின் ஓரத்துக்கும் உள்ள தூரத்தை அளந்து, அவ்வளவு தள்ளி நேர்ப்பலகையைக் கிளாம்பால் இறுக்குவான். மில் விளிம்பிலிருந்துதான் மட்டம் பிடிப்பான். வெட்டினதும் மூலைக்கு மூலை நாடா வைப்பான், இரண்டும் ஒன்றாக வந்தால்தான் மற்ற வேலை. இவ்வளவும் அவளுடைய கையைப் பார்த்தும், அவள் தவறவிட்டதுபோல விட்ட சொற்களைப் பொறுக்கியுமே பழகினான். ஒருநாளும் அவளிடம் இருந்து பழகினேன் என்று சொன்னதில்லை.

அவர்களும் ஸ்காபரோவிலேயே சின்ன வீடு ஒன்று வாங்கினார்கள். குசினிச் சுவருக்கு ஒரு நீளத் தட்டு வேண்டும் என்று புனிதம் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை காலை, அதற்குள் பிறந்து வளர்ந்திருந்த அவர்களுடைய பிள்ளைகள் தமிழ் வகுப்புக்குப் போயிருந்தார்கள். கராஜில் அவர்கள் இரண்டு பேர் மட்டும். ஆக்கள் ஒருத்தரும் இல்லை. அருள்நாயகம் பலகையை வளர்த்தினான். நேர்ப்பலகையை வைத்தான். வைத்துவிட்டு, கிளாம்பை இறுக்குவதற்கு முதல், ஒரு முனையைப் பெருவிரல் அளவுக்கு வேண்டுமென்றே உள்ளே தள்ளினான்.

புனிதம் மற்ற முனைக்கு வந்தாள். பலகையைப் பிடித்தாள். குனிந்து ஒரு கண்ணை மூடி அந்த நேர்ப்பலகை வழியே ஒரு பார்வை பார்த்தாள். பக்ரறிப் பார்வை. பெருவிரல் அளவென்ன, நூலிழை அளவும் அந்தக் கண்ணுக்குத் தப்பாது. அவன் வாளின் விசையில் விரலை வைத்தபடி நின்றான். 

"சரியோ?" என்றான்.

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். பார்வை கொஞ்சம் நீண்டுதான் இருந்தது. அவளுடைய உதடு அசைந்ததுபோலவும் இருந்தது.

"நீங்கள் பாத்து வைச்சால் சரிதானே."

"வடிவாய்ப் பாரும்."

"பாத்தன். வெட்டுங்கோ."

அப்போதாவது அவன் வாளைக் கீழே வைத்திருக்கலாம். அந்த ஒரு வசனத்தைச் சொல்லியிருக்கலாம். கையில் மின்வாள் இருந்தது, அவள் காத்து நின்றாள், வேறு ஒன்றும் செய்யத் தெரியாமல் விசையை அமத்தினான். வாள் கோணலை நேராக, ஒரு பல்லுப் பெயராமல் வெட்டிக்கொண்டு போனது. மற்ற முனையை அவள் ஆடாமல் பிடித்திருந்தாள்.

அந்தத் தட்டைத் திருப்பி வெட்ட அவனுக்கு மனம் வரவில்லை. அப்படியே சுவரில் பூட்டினான். ஒரு முனை அகலம், மற்ற முனை ஒடுக்கம். பின்னேரம் புனிதம் ரின்களை அடுக்கினாள். அகலமான பக்கத்தில் அரிசிமா ரின், அடுத்து பருப்பு, பிறகு சீனி, தேயிலை என்று ஒன்றைவிட ஒன்று சின்னதாக வைத்துக்கொண்டே வந்து, ஒடுங்கின முனையில் ஏலக்காய்ப் போத்தலை வைத்தாள். தள்ளி நின்று பார்த்தாள். ஒரு ரின்னைக் கொஞ்சம் முன்னுக்கு இழுத்துவிட்டாள்.

வீட்டுக்கு வருகிற ஒருவருக்கும் அந்தத் தட்டின் கோணல் தெரியாது. கமலாம்பிகை அக்கா முதல்முதல் வந்தபோது அதைப் பார்த்து, தம்பிக்கு இப்போது நல்லாய்க் கைவந்துவிட்டது என்று சொன்னார். அருள்நாயகம் புனிதத்தைப் பார்த்தான்.

"ஓம் மச்சாள்," என்றாள் அவள், தேத்தண்ணிக் கோப்பையை நீட்டிக்கொண்டு. "அவர் எல்லாம் அளந்துதான் வெட்டுறவர்."